கலங்கலின் உயரம்

தடித்த எழுத்தில் ஓர் ‘எச்’

ஒரு நாள் இரவு ஒன்பதரை மணிக்குக் கீழ்வீட்டுப் பெண் படியேறி வந்தாள். கையில் கைபேசி. அதில் நான்கு வயது மகளின் இரத்தப் பரிசோதனை அறிக்கை. பிள்ளை கால் வலிக்கிறது என்றாளாம், யாரோ ஒரு பட்டியலே எழுதிக் கொடுத்துவிட்டார்கள். இருபது வரிகளில் பத்தொன்பது மெல்லிய எழுத்தில் சாதுவாகக் கிடந்தன. ஒன்று மட்டும் தடித்து நின்றது: பாஸ்பரஸ் 5.6. பக்கத்தில் ‘எச்’ என்ற ஆங்கில எழுத்து, ‘ஹை’ என்பதன் சுருக்கம். அதற்கடுத்த கட்டத்தில் ‘இயல்பு அளவு 2.5 முதல் 4.5 வரை’.

“அண்ணா, பாஸ்பரஸ்னா தீப்பெட்டியில இருக்கறதுதானே? அது எப்படி இவ ரத்தத்துல ஏறுச்சு? கூகுள்ல போட்டா கிட்னி, கிட்னின்னே வருது.”

சம்பந்தப்பட்ட பிள்ளை அம்மாவின் பின்னாலேயே வந்து, வாசலில் கிடந்த என் செருப்புக்குள் கால்களை நுழைத்துத் தத்தித் தத்தி நடந்துகொண்டிருந்தது.

பயப்பட ஒன்றுமில்லை, காலையில் குழந்தை மருத்துவரிடம் காட்டி உறுதி செய்துகொள் என்றேன். அவள் போகவில்லை. “ஒன்னுமில்லேன்னா எதுக்குண்ணா தடிச்ச எழுத்துல போட்டான்?”

நியாயமான கேள்வி. அதற்கு ஒரு வரியில் பதில் உண்டு. அந்த ஆய்வுக்கூடத்தின் கணினியில் பெரியவர்களுக்கான எல்லை மட்டுமே ஏற்றப்பட்டிருக்கிறது. நான்கு வயதுப் பிள்ளைக்கு 5.6 என்பது நட்டநடு இயல்பு. ஆனால் அவள் கேட்காத இன்னொரு கேள்விதான் எனக்குச் சுவாரசியமானது. பெரியவர்களைவிடப் பிள்ளைகளின் இரத்தத்தில் பாஸ்பரஸ் ஏன் கூடுதலாக இருக்க வேண்டும்? சோடியம் அப்படியில்லை, பொட்டாசியத்திலும் பெரிய வித்தியாசமில்லை. இது மட்டும் ஏன்?

தீக்குச்சியும் எலும்பும்

தீப்பெட்டி விஷயத்தில் அவள் சொன்னது சரிதான். பெட்டியின் பக்கவாட்டில் குச்சியை உரசும் பழுப்புப் பட்டையில் இருப்பது சிவப்புப் பாஸ்பரஸ். 1669-ல் ஜெர்மனியின் ஹாம்பர்க் நகரில் ஹென்னிங் பிராண்ட் என்ற ரசவாதி, தங்கம் கிடைக்கும் என்ற நம்பிக்கையில் ஏராளமான சிறுநீரைக் காய்ச்சி வற்றவைத்தபோது, தங்கத்துக்குப் பதிலாக இருட்டில் ஒளிரும் ஒரு பொருள் கிடைத்தது. ஒளியைச் சுமப்பது என்று பொருள்படும் கிரேக்கப் பெயரை அதற்கு வைத்தார்கள். மனிதன் அந்தத் தனிமத்தை முதலில் கண்டுபிடித்ததே சிறுநீரில்தான் என்பதை மறக்க வேண்டாம். இந்த அத்தியாயம் கடைசியில் அங்கேதான் போய்ச் சேரும்.

உடம்புக்குள் பாஸ்பரஸ் தனியாகத் திரிவதில்லை. ஆக்சிஜனோடு கைகோத்துப் பாஸ்பேட்டாக இருக்கிறது. வளர்ந்த மனிதர் ஒருவருக்குள் மொத்தம் ஏறத்தாழ 700 கிராம் பாஸ்பரஸ். அதில் 85 விழுக்காடு எலும்பிலும் பல்லிலும் கால்சியத்தோடு சேர்ந்து கல்லாகியிருக்கிறது. மீதியில் பெரும்பகுதி செல்களுக்குள். மரபணு இழையின் முதுகெலும்பு, செல்லின் சவ்வு, தசை சுருங்கத் தேவையான ஆற்றல் நாணயம் எல்லாவற்றிலும் பாஸ்பேட் உண்டு. செல்களுக்கு வெளியே, இரத்தத்திலும் அதைச் சுற்றிய நீரிலும் மிதப்பது நூற்றில் ஒரு பங்குதான். ஆய்வுக்கூடம் அளப்பது அந்த ஒரு பங்கை. களஞ்சியத்தில் எத்தனை மூட்டை என்று தெரிந்துகொள்ள வாசற்படியில் சிந்திய நெல்லை எண்ணுவது போன்ற வேலை.

சிந்திய நெல்லுக்கும் ஒரு சட்டம் இருக்கிறது. அதை வகுப்பது சிறுநீரகம்.

ஏரி எப்போது வழியும்?

நம் ஊர் ஏரிகளில் கரையின் ஓரிடத்தில் கல்கட்டு ஒன்று இருக்கும். கலங்கல் என்பார்கள், சில ஊர்களில் கலிங்கு. நீர்மட்டம் அந்தக் கல்லின் தலையைத் தாண்டினால் உபரி நீர் தானாக வழிந்து அடுத்த ஏரிக்குப் போய்விடும். எவ்வளவு மழை பெய்தாலும் ஏரியின் மட்டத்தைத் தீர்மானிப்பது கலங்கலின் உயரம்தான். கூடுதல் நீர் தேவைப்படும் ஆண்டில் ஊர்க்காரர்கள் கலங்கல் மேலிருக்கும் நடுகற்களுக்கு இடையே பலகையும் மண்ணும் வைத்து அடைத்து, மட்டத்தை ஓரிரு அடி உயர்த்திக்கொள்வதுண்டு.

சிறுநீரகம் பாஸ்பேட்டுக்குச் செய்வது இதையேதான். இரத்தம் அதன் நுண்வடிகட்டிகள் வழியே போகும்போது பாஸ்பேட் தடையின்றிக் கீழே இறங்கிவிடுகிறது. அடுத்திருக்கும் குழல்கள் அதில் 80 முதல் 90 விழுக்காட்டை உறிஞ்சி இரத்தத்துக்கே திருப்புகின்றன. எஞ்சியது சிறுநீரில் போகிறது. இந்த மட்டம் வரை திருப்பு, அதற்குமேல் விட்டுவிடு என்று குழல்களுக்கு ஓர் எல்லை உண்டு. அந்த எல்லைதான் கலங்கல்.

பிள்ளைகளுக்கு அந்தக் கலங்கல் உயரமாக இருக்கிறது. வளர்ச்சி ஹார்மோனும் அதன் தூதனாக வேலை செய்யும் இன்னொரு ஹார்மோனும் பலகை வைத்து அடைக்கும் ஊர்க்காரர்கள். எலும்பு நீள வேண்டும். குருத்தெலும்பு ஒவ்வொரு நாளும் கொஞ்சம் கல்லாக மாற வேண்டும். கால்சியமும் பாஸ்பேட்டும் போதிய செறிவில் இருந்தால்தான் அந்த மாற்றம் நடக்கும். ஆகவே வளரும் உடம்பு தன் ஏரியை வேண்டுமென்றே நிரப்பி வைத்துக்கொள்கிறது.

சிறுநீரக மருத்துவர்கள் நெடுநாளாகக் கையாளும் அமெரிக்க வழிகாட்டி அட்டவணை ஒன்றில் வயதோடு இந்த எல்லை இறங்குவதைப் படிப்படியாகப் பார்க்கலாம். ஒரு டெசிலிட்டர் இரத்தத்தில் எத்தனை மில்லிகிராம் என்ற கணக்கு. பிறந்து மூன்று மாதம் வரை 4.8 முதல் 7.4. ஒன்று முதல் ஐந்து வயது வரை 4.5 முதல் 6.5. ஆறு முதல் பன்னிரண்டு வரை 3.6 முதல் 5.8. பதின்மூன்றிலிருந்து இருபதுக்குள் 2.3 முதல் 4.5. வளர்ச்சி நிற்க நிற்கப் பலகைகள் ஒவ்வொன்றாகக் கழற்றப்படுகின்றன.

கீழ்வீட்டுக் குழந்தையின் 5.6 இரண்டாம் வரியின் நடுவில் உட்காருகிறது. அதே 5.6 பதினெட்டு வயதுப் பையனுக்கு வந்தால் அன்றைக்கே சிறுநீரகத்தைப் பார்க்க வேண்டும்.

தவறான எல்லை அச்சிடுவதில் எனக்கு உள்ள பெரிய கோபம் இந்தப் பொய் ‘எச்’ பற்றியதல்ல. அது ஓர் இரவுத் தூக்கத்தைக் கெடுக்கும், அவ்வளவுதான். நான்கு வயதுப் பிள்ளைக்கு 3.0 என்று வந்திருந்தால்? பெரியவர்களின் கட்டத்தில் அது அழகாக இயல்புக்குள் அடங்கிவிடும். தடித்த எழுத்து இருக்காது, அம்மாவும் படியேறி வரமாட்டாள். ஆனால் அந்தப் பிள்ளையின் சிறுநீரகம் பாஸ்பேட்டை ஒழுகவிடும் பரம்பரைக் கோளாறு கொண்டதாக இருக்கலாம். கால் வளைந்த பிறகுதான் யாராவது திரும்பிப் பார்ப்பார்கள்.

பொய் சொல்லும் குழாய்

எண் உண்மையிலேயே வயது எல்லையைத் தாண்டியிருந்தால் அடுத்த கேள்வி, அது பிள்ளையின் எண்ணா, குழாயின் எண்ணா என்பது.

சிவப்பணுக்களுக்குள் பாஸ்பேட் நிறைய இருக்கிறது. சின்னக் கை, மெல்லிய நரம்பு, வீறிட்டழும் பிள்ளை, அவசரமாக உறிஞ்சும் ஊசி. இதில் சிவப்பணுக்கள் உடைந்து உள்ளே இருப்பது வெளியே கொட்டிவிடும். எடுத்த இரத்தத்தைப் பிரிக்காமல் நேரம் கடத்தினாலும் இதே கதை. தெளிந்த பகுதி வெளிர்மஞ்சளாக இல்லாமல் இளஞ்சிவப்பாக இருந்தால் ஆய்வுக்கூடத்துக்காரர் கண்ணிலேயே கண்டுபிடித்துவிடுவார். பொட்டாசியமும் கூடவே ஏறியிருந்தால் சந்தேகம் வலுக்கும். நேரமும் ஆடுகிறது. பாஸ்பேட் காலையில் இறங்கி, பிற்பகலிலும் இரவிலும் ஏறும் இயல்புடையது. மாலை நான்கு மணி எண்ணைச் சென்ற மாதத்துக் காலை எண்ணோடு ஒப்பிட்டு ‘ஏறிவிட்டது’ என்று சொல்லக்கூடாது.

எனவே பார்ப்பதற்கு நலமாக இருக்கும் பிள்ளைக்கு முதல் சிகிச்சை மறுபரிசோதனை. காலையில், நல்ல நரம்பில், கால்சியம், கிரியாட்டினின் இரண்டையும் சேர்த்து.

திடீர் வெள்ளம்

இரண்டாம் முறையும் எண் உயர்ந்தே இருந்தால் காரணம் தேட வேண்டும். இந்த நிலைக்கு ஒரு பெயர் வைத்துக்கொள்வோம்: பாஸ்பேட் மிகை. ஏரி நிரம்பி வழிய இரண்டே வழிகள். ஒன்று, கலங்கல் சமாளிக்க முடியாத வெள்ளம். மற்றொன்று, கலங்கலே அடைத்துக்கொள்வது.

வெள்ளம் எங்கிருந்து வரும்? பச்சிளங்குழந்தைக்குத் தாய்ப்பாலுக்குப் பதில் பசும்பால் ஊற்றினால் வரும். 100 மில்லி தாய்ப்பாலில் பாஸ்பரஸ் ஏறத்தாழ 15 மில்லிகிராம். பசும்பாலில் 90-க்கு மேல். ஆறு மடங்கு! கன்றுக்குட்டி சில மாதங்களில் மாடாக வேண்டும், அதற்கு அது சரி. பிறந்து ஒரு வாரமான மனிதக் குட்டியின் சிறுநீரகம் இன்னும் பழகவில்லை. பாஸ்பேட் ஏற, கால்சியம் இறங்க, ஒரு வாரத்தில் குழந்தைக்கு வலிப்பு வரும். அந்தக் காலத்தில் இதற்கு எத்தனை தாயத்து கட்டியிருப்பார்களோ.

மலச்சிக்கலுக்குக் கொடுக்கும் பாஸ்பேட் எனிமாவும் அப்படித்தான். குடலில் தங்கிவிட்டால் அதிலுள்ள பாஸ்பேட் இரத்தத்துக்குப் போகும். சிறு பிள்ளைகள் இதனால் இறந்ததுண்டு. கடையில் நேரடியாக வாங்கக்கூடிய சோடியம் பாஸ்பேட் மருந்துகளைப் பற்றி அமெரிக்க உணவு, மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2014-ல் எச்சரித்தது. இரண்டு வயதுக்குக் கீழே எனிமாவாகக் கொடுக்கவே கூடாது என்பது அதன் சாரம்.

எல்லாவற்றையும்விடப் பெரிய வெள்ளம் உடம்புக்குள்ளிருந்தே வருவது. சில இரத்தப் புற்றுநோய்களில், முதல் தவணை மருந்து இறங்கிய சில மணி நேரத்திலேயே கோடிக்கணக்கான புற்றுச் செல்கள் ஒன்றாக வெடித்துச் சாகும். மருந்து வேலை செய்ததற்கான அடையாளம் அது, அதுவே ஆபத்தும். இந்தச் செல்களில் சாதாரண வெள்ளணுக்களைவிட நான்கு மடங்கு வரை பாஸ்பேட் இருக்கலாம். இதைக் கட்டிச் சிதைவு என்று வைத்துக்கொள்வோம். இதை வரையறுக்கும் உலகளாவிய அளவுகோலிலும் வயது ஒட்டிக்கொண்டிருக்கிறது. பெரியவர்களுக்கு 4.5, பிள்ளைகளுக்கு 6.5. இங்கே யாரும் மறுபரிசோதனைக்கு ஒரு வாரம் காத்திருப்பதில்லை. நரம்பு வழியாக நீரைப் பெருக்கெடுக்க விட்டு, சில மணிக்கு ஒருமுறை இரத்தம் பார்த்து, முடியாவிட்டால் டயாலிசிஸ்.

இங்கே ஒரு விசித்திரமும் உண்டு. கால்சியம் இறங்கியிருப்பது அறிக்கையில் தெரியும். ஏற்றிவிட்டால் என்ன என்று கை துறுதுறுக்கும். பிள்ளைக்கு வலிப்போ இதயத் துடிப்புக் கோளாறோ இல்லாவிட்டால் ஏற்றமாட்டார்கள். உப்புத் தண்ணீர் காய்ச்சிய பாத்திரத்தின் அடியைப் பார்த்திருப்பீர்கள், வெள்ளை வெள்ளையாகப் படிந்திருக்கும். இரத்தத்தில் பாஸ்பேட் பொங்கி நிற்கும்போது கால்சியத்தையும் ஊற்றினால் இரண்டும் கட்டிக்கொண்டு சிறுநீரகத்துக்குள்ளேயே அப்படிப் படியும்.

இந்தக் கால்சியம்தான் பாஸ்பேட் மிகையின் வாய். பாஸ்பேட் ஏறியதைப் பிள்ளையால் உணர முடியாது, வலிக்காது, காய்ச்சல் வராது. இறங்கிய கால்சியம்தான் பேசும். உதட்டைச் சுற்றி ஊசி குத்துவது போல மதமதப்பு. பிறகு கை தானாக மடங்கும், விரல்கள் நீட்டியபடி குவிந்து, கட்டைவிரல் உள்ளங்கைக்குள் போகும். பிரசவம் பார்ப்பவர் கையைக் குவித்து வைத்துக்கொள்வது போல இருப்பதால் மருத்துவர்கள் அந்தப் பெயராலேயே அதை அழைக்கிறார்கள். அந்தக் கையைப் பார்த்தால் எண்ணுக்காகக் காத்திருக்காமல் மருத்துவமனைக்கு ஓட வேண்டும்.

தூர்ந்துபோகும் கலங்கல்

நீண்டகால பாஸ்பேட் மிகைக்கு மிகப் பெரிய காரணம் சிறுநீரகச் செயலிழப்பு. ஓர் எடுத்துக்காட்டுப் பையனை எடுத்துக்கொள்வோம். பல பிள்ளைகளின் கதைகளைச் சேர்த்து நான் கட்டிய பையன் இவன். வயது ஒன்பது. பிறக்கும்போதே சிறுநீர் வெளியேறும் பாதையில் ஒரு சவ்வு மடிப்பு. ஆண்பிள்ளைகளுக்கு மட்டும் வருவது. கருவிலேயே சிறுநீர் பின்னோக்கி அழுத்தி, இரண்டு சிறுநீரகங்களும் பாழ். அறுவை சிகிச்சையில் மடிப்பை நீக்கியாயிற்று, பாழானது திரும்பவில்லை. இப்போது சிறுநீரகம் கால்வாசி வேலைதான் செய்கிறது. வகுப்பில் முதல் பெஞ்சு. படிப்பால் அல்ல, உயரத்தால்.

மூன்று மாதத்துக்கு ஒருமுறை இரத்தம் எடுக்கிறார்கள். முதல் எண் 5.2. அடுத்தது 5.6. அதற்கடுத்தது 6.2. இவன் வயதுக்கு எல்லை 5.8. எனில் நோய் எப்போது தொடங்கியது? மூன்றாம் முறையா?

இல்லை. முதல் எண் வருவதற்கும் வெகு முன்பே. சிறுநீரகத்தின் வடிகட்டிகள் குறையத் தொடங்கியதுமே எலும்பு அதைக் கவனித்துவிடுகிறது. ஆமாம், எலும்புதான். அது ஒரு ஹார்மோனைச் சுரக்கிறது. எஃப்ஜிஎஃப் 23 என்று அழகில்லாத பெயர். கலங்கலை இடி, நீரை விடு என்பதே அது சிறுநீரகத்துக்கு அனுப்பும் செய்தி. எஞ்சிய குழல்கள் ஒவ்வொன்றும் கூடுதலாகப் பாஸ்பேட்டை வெளியே தள்ளுகின்றன. கழுத்தில் பயறளவே உள்ள பாராதைராய்டு சுரப்பிகளும் இதற்குக் கைகொடுக்கின்றன. ஆகவே பல ஆண்டுகள் எண் இயல்பாகவே தெரியும். கடன் வாங்கி வீட்டு மானத்தைக் காப்பாற்றுவது மாதிரி. வட்டி வேறிடத்தில் ஏறுகிறது. எஃப்ஜிஎஃப் 23 வைட்டமின் டி-யைச் செயல்பட விடாமல் தடுக்கிறது, பாராதைராய்டு ஹார்மோன் எலும்பை அரிக்கிறது. பையனின் உயரம் நின்றதற்கும் மணிக்கட்டு தடித்ததற்கும் இவற்றுக்குப் பங்கு உண்டு.

இந்த ஹார்மோன் சொல்வது சிறுநீரகத்தின் காதில் விழ ஒரு துணைப் புரதம் வேண்டும். 1997-ல் ஜப்பானின் குரோ-ஓ மகோடோ குழுவினர் ஓர் எலி இனத்தை விவரித்தார்கள். பிறந்து சில வாரங்கள் சரியாக வளர்ந்த குட்டிகள் திடீரெனக் கிழடு தட்டின. தோல் சுருங்கி, எலும்பு தேய்ந்து, இரத்தக்குழாய்கள் கல்லாகி, ஏறத்தாழ இரண்டு மாதத்தில் இறந்தன. அவற்றில் ஒரே ஒரு மரபணு பழுதாகியிருந்தது. வாழ்நாள் என்னும் நூலை நூற்கும் கிரேக்கத் தேவதையின் பெயரால் அதை ‘க்ளோத்தோ’ என்றார்கள். சில ஆண்டுகள் கழித்துத்தான் புரிந்தது, க்ளோத்தோதான் அந்தத் துணைப் புரதம். அது இல்லாத எலியின் சிறுநீரகத்துக்கு எஃப்ஜிஎஃப் 23 கத்துவது கேட்பதே இல்லை. பாஸ்பேட் ஏறுகிறது, முதுமை வருகிறது. உணவில் பாஸ்பேட்டைக் குறைத்தபோது எலிகளின் முதுமைக் கோலம் பெரிதும் பின்வாங்கியது. எலியில் நடப்பதெல்லாம் பையனில் நடக்கும் என்று சொல்லமாட்டேன். ஆனாலும் இரத்தக்குழாய் கல்லாவது எலியோடு நிற்கவில்லை.

2000-ல் அமெரிக்காவில் வில்லியம் குட்மேன் குழுவினர், டயாலிசிஸில் இருந்த 39 இளம் வயதினரின் இதயக் குழாய்களைப் படமெடுத்தார்கள். இருபது வயதுக்குக் கீழிருந்த 23 பேரில் ஒருவருக்கும் சுண்ணாம்புப் படிவு இல்லை. இருபதிலிருந்து முப்பதுக்குள் இருந்த 16 பேரில் 14 பேருக்கு இருந்தது. அறுபது வயது நெஞ்சை இருபத்தைந்து வயதில் சுமந்துகொண்டிருந்தார்கள். படிவு இருந்தவர்களுக்குப் பாஸ்பேட் கூடுதலாக இருந்ததோடு, விழுங்கிய கால்சிய மாத்திரைகளும் அதிகம். இந்த இரண்டாவது செய்தியை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், சிகிச்சைக்கு வரும்போது வேண்டும்.

ஒரு டம்ளர் பாலின் கணக்கு

பையனின் எண் 6.2. என்ன செய்யலாம்?

உணவில் பாஸ்பரஸைக் குறை என்பது எளிய பதில். எதில் இருக்கிறது என்று பார்த்தால் தலை சுற்றும். பால், தயிர், முட்டை, மீன், கறி, பருப்பு, கடலை. அதாவது, வளரும் பிள்ளைக்குக் கொடு என்று நாம் சொல்லும் அத்தனையிலும். புரதமிருக்கும் இடமெல்லாம் பாஸ்பரஸ் இருக்கும். எல்லாவற்றையும் வெட்டினால் எண் இறங்கும், கூடவே பையனும் இளைப்பான். குள்ளமான பிள்ளையை மேலும் குள்ளமாக்கி வாங்கும் நல்ல எண் யாருக்கு வேண்டும்? அதனால்தான் பிள்ளைகளின் சிறுநீரக உணவியலாளர்கள் புரதத்தில் கை வைக்கும் முன் வேறொன்றைத் தேடுகிறார்கள்.

அந்த வேறொன்று, ஒரே அளவு பாஸ்பரஸ் எல்லா உணவிலிருந்தும் ஒரே அளவு உடம்பில் சேர்வதில்லை என்பது. பருப்பிலும் தானியத்திலும் இருப்பதில் பெரும்பகுதி ‘பைட்டேட்’ என்ற பூட்டுக்குள் இருக்கிறது. அதைத் திறக்கும் நொதி நம் குடலில் இல்லை. பாதிக்கும் குறைவாகவே உள்ளே போகும். (இட்லி மாவு புளிக்கும்போது நுண்ணுயிர்கள் அந்தப் பூட்டைக் கொஞ்சம் திறந்துவிடுகின்றன. அதற்காக இட்லியை நிறுத்த வேண்டியதில்லை.) பாலிலும் கறியிலும் இருப்பது பாதிக்குச் சற்று முன்பின்னாகச் சேரும். ஆனால் தொழிற்சாலையில் சேர்க்கும் பாஸ்பேட் உப்புகள் ஏறத்தாழ முழுக்கவே உள்ளே போய்விடும். உறைகளில் அடைத்த சீஸ் துண்டு, சாசேஜ், உறையவைத்த நக்கெட், கேக்கை உப்பவைக்கும் பொடி, உடனடிப் பானப் பொடிகள் இவற்றிலெல்லாம் அது இருக்கலாம். நம் நாட்டுப் பொட்டலங்களில் பாஸ்பேட் என்ற பெயருக்குப் பதில் எண்ணாக ஒளிந்திருக்கும். 338 முதல் 341 வரை, பிறகு 450, 451, 452. கண்ணாடி போட்டுக்கொண்டு தேடவேண்டிய அளவு எழுத்தில் இருக்கும்.

கோலா பானங்களில் 338, அதாவது பாஸ்பாரிக் அமிலம் இருப்பது உண்மை. ஆனால் ஒரு குப்பியில் வரும் பாஸ்பரஸ் ஒரு டம்ளர் பாலில் இருப்பதைவிடக் குறைவு. கோலாவைப் பிடிக்காத பலருக்கு இது ஏமாற்றமாக இருக்கும். பிள்ளைக்குக் கோலா வேண்டாம் என்பதற்கு வேறு நல்ல காரணங்கள் இருக்கின்றன.

இனி மாத்திரை. குடலிலேயே பாஸ்பேட்டைப் பிடித்துக்கட்டி மலத்தோடு அனுப்பிவிடும் மருந்துகள் உண்டு. பிணைப்பி என்போம். வெகுகாலமாக இருப்பது கால்சியம் கார்பனேட், அதாவது சுண்ணாம்புக் கட்டியின் தூய உறவினர். இதன் வலிமையை ஒரு கணக்கில் பார்த்துவிடலாம். 200 மில்லி பசும்பால் ஒரு டம்ளர், அதில் 190 மில்லிகிராம் பாஸ்பரஸ் அளவில் இருக்கும். அறுபது விழுக்காடு சேரும் என்று வைத்தால் 114. ஒரு கிராம் கால்சியம் கார்பனேட் ஏறக்குறைய 40 மில்லிகிராம் பாஸ்பரஸைத்தான் பிடிக்கும். ஆக ஒரு டம்ளர் பாலுக்கு ஈடுகட்ட மூன்று பெரிய மாத்திரைகள்! சாக்பீஸ் மாதிரி மூன்றை மென்றுவிட்டுப் பால் குடிக்கச் சொன்னால் எந்தப் பிள்ளை கேட்கும்? பாலை அரை டம்ளராக்குவது எளிது. மாத்திரை மட்டுமே போதும் என்ற நம்பிக்கை இந்தக் கணக்கில் உடைந்துவிடும்.

இன்னொரு சங்கடம், பிணைப்பி சாப்பாட்டோடு வயிற்றில் இருக்க வேண்டும். வெறும் வயிற்றில் விழுங்கினால் பிடிப்பதற்குப் பாஸ்பேட் இல்லை, வெறும் கால்சியம்தான் இரத்தத்துக்குப் போகும். பையனின் பெரிய சாப்பாடு பள்ளிக்கூடத்தில். ‘தினமும் மூணு வேளை’ என்று சீட்டில் எழுதியதை வீட்டில் காலை, மாலை, படுக்கும்போது என்று பிரித்துக்கொண்டால் மதியச் சாப்பாடு மாத்திரையில்லாமலும் படுக்கைநேர மாத்திரை சாப்பாடில்லாமலும் போகும். இப்படி ஏறும் எண்ணுக்கு மருந்தின் அளவைக் கூட்டுவது வீண்.

எப்போது கை வைப்பது?

உலகச் சிறுநீரக வழிகாட்டி அமைப்பு 2017-ல் சொன்னதன் சாரம் எனக்குப் பிடித்திருக்கிறது. ஓர் ஒற்றை எண்ணைப் பார்த்து மருந்து தொடங்காதே. தொடர்ந்து ஏறிக்கொண்டோ, ஏறிய இடத்திலேயே நின்றுகொண்டோ இருந்தால் தொடங்கு. இயல்பாக இருக்கும் எண்ணை ‘முன்னெச்சரிக்கையாக’ இறக்காதே. நம் பையனின் 5.2, 5.6, 6.2 ஒரு கோடு. கோடு மேலே போகிறது, எல்லையையும் தாண்டிவிட்டது. இப்போது தொடங்க வேண்டும்.

முதலில் பொட்டலங்கள் போகும். பாலும் தயிரும் அளவுக்கு வரும், முட்டை இருக்கும், சாப்பாடு போதாமல் ஆகாது. வைட்டமின் டி குறைந்திருந்தால் சரிசெய்வார்கள். ஒரு மாதம் கழித்தும் இறங்காவிட்டால் பிணைப்பி. எந்தப் பிணைப்பி என்பதைக் கால்சியம் தீர்மானிக்கும். பையனின் கால்சியம் தாழ்ந்திருந்தால் கால்சிய மாத்திரையே சரி, வளரும் எலும்புக்குக் கால்சியமும் தேவை. கால்சியம் ஏற்கெனவே மேல் எல்லையில் இருந்தால் மேலும் ஊற்றக் கூடாது. குட்மேனின் பதினான்கு பேரை நினைத்துக்கொள்ளுங்கள். அப்போது கால்சியம் இல்லாத செவலமர் போன்ற மருந்து. அமெரிக்காவில் ஆறு வயதிலிருந்து பிள்ளைகளுக்குக் கொடுக்க 2016-ல் அனுமதி கிடைத்தது. விலை அதிகம், அளவும் பெரிது.

ஒரு காலத்தில் அலுமினிய மருந்தைத்தான் தாராளமாகக் கொடுத்தார்கள். பாஸ்பேட்டை அது பிரமாதமாகப் பிடிக்கும். பிறகு பிள்ளைகளுக்குப் பேச்சு குழறியது, வலிப்பு வந்தது, எலும்பு மெலிந்தது. அலுமினியம் மூளையிலும் எலும்பிலும் போய்த் தங்கியிருந்தது. எண்ணை மட்டும் பார்த்த சிகிச்சை அது.

டயாலிசிஸும் பாஸ்பேட்டை எடுக்கும், ஆனால் சோம்பலாக. பெரும்பகுதி செல்களுக்கும் எலும்புக்கும் உள்ளே இருப்பதால், இயந்திரம் இரத்தத்தைச் சுத்தம் செய்து முடித்த சில மணி நேரத்தில் உள்ளிருந்து ஊறி மறுபடி நிரம்பும், கோடையில் இறைத்த கிணறு ஊறுவது போல.

நம் பையனுக்குப் பன்னிரண்டு வயதில் அம்மாவின் சிறுநீரகம் ஒன்றைப் பொருத்தினார்கள் என்று கதையை முடித்துக்கொள்வோம். புதிய சிறுநீரகம் முதல் நாளே வேலை செய்தது. ஆனால் இத்தனை ஆண்டுகளாகக் கலங்கலை இடி, நீரை விடு என்று கத்திக்கொண்டிருந்த எஃப்ஜிஎஃப் 23 உடனே வாயை மூடுவதில்லை. புது சிறுநீரகத்துக்குக் காதும் நன்றாகக் கேட்கிறது. பாஸ்பேட் சிறுநீரில் கொட்டுகிறது. இரண்டாம் வாரத்து அறிக்கையில் பாஸ்பரஸ் வரி மறுபடி தடித்த எழுத்தில் வந்தது. பக்கத்தில் இந்த முறை ‘எல்’. குறைவு.

பாலும் தயிரும் நிறையக் கொடுங்கள் என்றார் மருத்துவர். மூன்று ஆண்டுகளாகப் பாலை மருந்து மூடியால் அளந்து ஊற்றிய அம்மா, “நிஜமாவா டாக்டர்?” என்று இரண்டு முறை கேட்டாள்.